மூன்றாவது மாடி ஜன்னல்

ஜனவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, கொதிப்பு மட்டும் கொஞ்சம் அதிகம். அதற்குக் காரணம் நீ. என் மருமகள் பாப்பாவுக்கு இருமல் விட்டதா? உன் மனைவி கால்வலிக்கு மருந்து போடுகிறாளா, இல்லை வழக்கம்போல் தள்ளிப்போடுகிறாளா? அவர்கள் இரண்டு பேரும் சௌக்கியமாக இருக்கட்டும். உன் சௌக்கியத்தை நான் விசாரிப்பதாக இல்லை.

ஏன் போன் செய்யாமல் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன். நான் கத்தினால் இந்தக் கட்டடத்தில் மூன்று மாடிக்கும் கேட்கும். கடிதத்தில் எவ்வளவு கத்தினாலும் அக்கம்பக்கத்துக்குத் தெரியாது.

நேற்று டாக்சி ஆபீசில் சாப்பாட்டு நேரம். எங்கள் டிரைவர்களில் ஒருவருக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்திருக்கிறோம், அதிலிருந்து கையை எடுக்கத் தெரியாத மனிதர். அவர் ஒரு மாதப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, உங்க தம்பி எழுதினது வந்திருக்கு. எல்லாரும் சும்மா இருங்க, நான் படிக்கிறேன்" என்று நடு அறையில் நின்று படித்தார். நீ மாதாமாதம் எழுதுவாயே, 'நின்ற இடங்கள்', அதுதான். போன மாதம் படகுத்துறை. அதற்கு முந்தைய மாதம் யாரோ ஒருவர் செருப்புத் தைக்கும் தெருமூலை. இந்த மாதம் அப்பா.

"அப்பாவின் ஜன்னலோரம் எனக்கு ஒரு தியான அறை. மதிய வெயில் அவர் பாதத்தில் விழும். அவர் கையைப் பிடித்தபடி நான் அமர்ந்திருந்த அந்த நேரங்களில்தான், இடங்களுக்கும் மூச்சு உண்டு என்று அறிந்தேன்."

ஹாரன் அழுதுவிட்டார். கூட இருந்த டிரைவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள். "குடுத்து வெச்ச மனுஷன்க்கா உங்க அப்பா" என்றார்கள். நான் டப்பாவை மூடிவிட்டு, வண்டிகளுக்கு இடம் சொல்கிற மைக்கின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எந்தக் கையை, என்றைக்குப் பிடித்தாய்? பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். அந்த எட்டு மாதத்தில் நீ ஒரு நாள் எட்டிப் பார்த்தாயா? எல்லாம் முடிந்து நான்காம் நாள் வந்தாய், ஒரு நாள் இருந்தாய், மறுநாள் காலையில் கிளம்பிவிட்டாய். பிடிக்காத கையைப் பிடித்ததாக அச்சில் போட்டு ஊரை அழவைக்க உனக்கு வெட்கமாக இல்லையா?

அது பொய் என்று அந்தப் பத்திரிகைக்கு நீயே எழுது. முடியாதென்றால் இந்த முகவரிக்கு இனிமேல் எதுவும் எழுதாதே. எனக்குத் தம்பி இல்லை என்று இருந்துவிடுகிறேன்.

மருமகளுக்கு என் முத்தம்.

அக்கா


ஜனவரி 24

என் சிடுமூஞ்சி அக்காவுக்கு,

வாலு எழுதுவது. சின்ன வயதில் வைத்த பெயரைச் சொன்னாலாவது உன் முகம் கொஞ்சம் இளகுமா என்று பார்க்கிறேன். பாப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. அத்தை எப்போது வருவாள் என்று கேட்கிறாள். கால்வலி அப்படியேதான். நீ வேளைக்குச் சாப்பிடு, டப்பாவை மூடி வைக்காதே.

அக்கா, நான் உடம்போடு வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரவே இல்லை என்று சொல்லாதே. இங்கே ஒரு நாளைக்கு நாலைந்து லிஃப்ட் பழுது பார்க்கிறேன். அதில் பாதி நேரம் மாடிக்கும் மாடிக்கும் நடுவில், சுவரைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டிருப்பேன். அப்போதெல்லாம் மனம் அப்பாவின் அறையில்தான் இருக்கும். நீ எழுதிய கடிதங்களை மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

"கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறோம். மதியத்தில் வெயில் அப்பா காலில் விழுகிறது, சுகமாக இருக்கிறது என்கிறார். கீழே போகிற பஸ்களைப் பார்த்து, எந்த டிரைவருக்குப் பிரேக் போடத் தெரியவில்லை என்று சொல்கிறார்." இது நீ மார்ச் மாதம் எழுதியது. நான் எதையும் கூட்டவில்லை. அந்த அறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். கையைப் பிடித்தது மனசில். ஒரு இடத்தில் அன்பு வைத்தால் நாமும் அங்கே இருக்கிறோம் என்றுதான் நம்புகிறேன்.

படித்துவிட்டு எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? ஒரு நர்ஸ், தன் அப்பாவை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்ததாக எழுதியிருந்தார். நல்லதுதானே நடந்திருக்கிறது? இதையெல்லாம் புத்தகமாகப் போடப்போகிறார்கள். முதல் கட்டுரையே இதுதான். உனக்குத்தான் சமர்ப்பணம்.

கோபம் ஆறியதும் ஒரு வரி போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 6

தம்பிக்கு,

பாப்பாவுக்கு இருமல் நின்றது கேட்டுச் சந்தோஷம். சந்தோஷம் அந்த ஒரு வரியோடு சரி.

உன் சமர்ப்பணத்தை நீயே வைத்துக்கொள். மனசால் வந்தாயாம், மனசால் பிடித்தாயாம். மனசால் ஒரு நாள் மலத்துணி துவைத்திருக்கிறாயா? ஊருக்கு உபதேசம் செய்கிற வாய்க்கு ஒரு விஷயம் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அந்த அறைக்கு ஜன்னலே இல்லை.

நீ நினைத்துக்கொண்டிருக்கும் அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது, ஜன்னலோடு. அப்பா அதில் எட்டு மாதத்தில் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. பக்கவாதம் வருவதற்குச் சரியாக ஒன்பது நாள் முன்னால் இந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனது. பழைய மாடல், அதன் பாகங்களை இப்போது செய்வதில்லை என்று கம்பெனி ஆள் கைவிரித்தான். கீழ்வீட்டுக்காரர்களுக்கு லிஃப்ட் எதற்கு? அவர்களும் கைகழுவிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, நாலு டிரைவர்கள் அப்பாவை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி ஒரு பக்கம் சரிந்தது. விழவில்லை, பிடித்துவிட்டார்கள். ஆனால் அப்பா பயத்தில் வேட்டியை நனைத்துவிட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், நாலு டிரைவர்கள் முன்னால். "போதும்மா, கீழயே எங்கயாவது போட்டுடு" என்று குழறினார். வாரம் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் இந்தக் கூத்தா?

கீழே, படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது. வாட்ச்மேன் அண்ணன் துடைப்பம், வாளி, உடைந்த நாற்காலி போட்டு வைக்கிற இடம். அவர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். கட்டில் போட்டால் ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார். பகலிலும் விளக்குப் போட வேண்டும். இதுதான் உன் தியான அறை. நான் மூன்றாவது மாடியில் சமைத்து, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இறங்கி ஏறினேன். நான் வேலைக்குப் போயிருக்கும்போது வாட்ச்மேன் அண்ணன் பார்த்துக்கொண்டார். உன் கட்டுரையில் அவருக்கு ஒரு வரி உண்டா?

ஜன்னல் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். அப்பாதான் சொன்னார். குழறிப் பேசுவதை நீ கேட்கக் கூடாதென்று போன் வேண்டாம் என்றார். கடிதத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "ஜன்னலோரம் போட்டிருக்கோம்னு எழுது. அவன் லிஃப்ட்டு மேல தொங்குற பய. கவலையோட தொங்கினா கை நழுவும்." ஒவ்வொரு வரியும் அவர் சொன்னது. பஸ், பிரேக், கால்மேல் வெயில், எல்லாம். விளக்கு வெளிச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் டாக்சி அனுப்புகிறவள். பச்சை கேட், பக்கத்தில் தையல்கடை, எதிரில் வேப்பமரம் என்று இடம் சொன்னால் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு போவார். இருக்கிற கேட்டைத்தான் சொல்வேன். நீ இல்லாத ஜன்னலில் உட்கார்ந்து தவம் செய்திருக்கிறாய்.

அதைப் புத்தகத்தில் போட்டால் என் முகத்தில் முழிக்காதே.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டி எப்படி இருக்கிறது?

கீழே கேட்பவற்றுக்கு மட்டும் பதில் எழுது. லிஃப்ட் நின்றபோது சத்தம் வந்ததா, கருகிய வாடை வந்ததா? கூண்டு எந்த மாடியில் நிற்கிறது? மொட்டைமாடி மெஷின் அறைச் சாவி யாரிடம்? உள்ளே ஓர் இரும்புப் பெட்டி இருக்கும், அதன் மூடியில் சின்னத் தகடு அடித்திருப்பார்கள். அதில் உள்ள எழுத்தும் எண்ணும் வேண்டும். கம்பெனி ஆள் எந்தப் பாகம் என்று சொன்னான்?

தம்பி


மார்ச் 3

தம்பி என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு,

என் முட்டியைப் பற்றி இப்போதாவது ஞாபகம் வந்ததே. அது எனக்கு முன்னால் படியேறுவதை நிறுத்திவிடும்போல் இருக்கிறது.

உன் கடிதத்தை நாலு தரம் புரட்டினேன், பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று. அப்பா படிக்கட்டுக்கு அடியில் கிடந்து செத்தார் என்று எழுதுகிறேன், நீ இரும்புப் பெட்டியின் தகட்டில் என்ன எண் என்று கேட்கிறாய். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள், நீ ஸ்க்ரூ டிரைவரையே பாய்ச்சிவிட்டாய். பத்திரிகையில் உருகி உருகி எழுதுகிறாய். எனக்கு மட்டும் இப்படி ஒரு கேள்வித்தாள்.

ஆபீசில் வைத்துப் படித்துவிட்டு ஹாரனிடமே கத்தினேன். "என்னக்கா, லெட்டர் அனுப்பினது தம்பி, திட்டு வாங்குறது நானா?" என்றார் பாவம்.

என் தொழில் இடம் சொல்வது. கேட்டால் வாய் சும்மா இருக்காது. எழுதிக்கொள். சத்தம் வரவில்லை. கருகிய வாடை வந்தது, ரப்பர் எரிந்ததுபோல. கூண்டு முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் நிற்கிறது. சாவி வாட்ச்மேன் அண்ணனின் ஆணியில், மற்ற எல்லாச் சாவிகளோடும். நேற்று இந்த முட்டியோடு மொட்டைமாடிக்கு ஏறி, புடவைத் தலைப்பால் தகட்டைத் துடைத்து எண்ணைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், இரண்டு தரம் சரிபார்த்தேன். பெட்டிக்குள் ஒரு வரிசையில் ஆறு கறுப்புக் கட்டைகள், இடமிருந்து மூன்றாவது உருகியிருக்கிறது. கம்பெனி ஆள் அதைத்தான் காட்டினான்.

இப்போது இதைத் தெரிந்து என்ன செய்யப்போகிறாய்? 'நின்ற லிஃப்ட்' என்று அடுத்த மாதம் எழுதுவாயா?

நீ வந்த அன்று கேட்டாய், "லிஃப்ட் ஏன் நிக்குது?" என்று. "நேத்துதான் நின்னுச்சு" என்றேன். ஊரெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவன், சொந்த வீட்டு லிஃப்ட் கதவை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாயா? படியேறி வந்து, அப்பா படுக்காத கட்டிலில் விழுந்து அழுதாய். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புத்தகம் என்ன ஆயிற்று என்று எழுதவே இல்லையே?

பாப்பாவுக்கு இத்துடன் இரண்டு தலைப்பின்னல் ரிப்பன்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

ரிப்பன் கிடைத்தது, பாப்பா தூங்கும்போதும் கழற்றவில்லை. எல்லோரும் நலம். எண்ணைத் தெளிவாக எழுதியிருக்கிறாய்.

கட்டுரையைப் புத்தகத்திலிருந்து எடுத்தாயிற்று. அடுத்த இதழில், நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை, அந்த அறையில் இருந்ததும் இல்லை என்று நாலு வரி வருகிறது. ஆசிரியர் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'நின்ற இடங்கள்' இனி வராது. நீ கேட்டது நடந்துவிட்டது, இல்லையா? இனி நான் கேட்கிறேன்.

கோபம் உனக்கு மட்டும் சொந்தமில்லை. உன் கடிதங்கள் பதினொன்றையும் நேற்று வரிசையாகப் பரப்பி வைத்தேன். எட்டில் 'இப்போது வர வேண்டாம்' என்று இருக்கிறது. மே மாதத்தில் லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, பை கட்டிவிட்டேன். "அப்பா தேறிவருகிறார், வந்து கலவரப்படுத்தாதே" என்று உன் கடிதம் வந்தது. பையை அவிழ்த்தேன். எட்டு மாதம் வரவில்லை என்று ஊரைக் கூட்டுகிறாயே, வாசலை உள்ளிருந்து பூட்டியது யார்? லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் மூன்றாம் நாள் வந்து நின்றிருப்பேன். அது என் தொழில் அக்கா. எனக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான். அதைக்கூட என்னிடம் கேட்கவில்லை நீ.

அப்பா சொன்னார், நான் எழுதினேன் என்கிறாய். சரி. பத்துக் கடிதங்களின் அடியில் அப்பா இடது கையால் ஒரு கோடு இழுத்திருக்கிறார். கோணலாக, சில நாளில் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி. கையெழுத்துப் போட முடியாதவரின் கையெழுத்து என்று நான் அதைத் தொட்டுப் பார்ப்பேன்.

அக்டோபர் கடிதத்தில் கோடு இல்லை. "அப்பா நன்றாக இருக்கிறார், உன்னைப் பார்க்க அவசரம் ஒன்றும் இல்லை, பொங்கி வழிந்துகொண்டு கிளம்பி வராதே" என்று இருக்கிறது. ஆறு நாள் கழித்து அப்பா இல்லை.

அந்தக் கடிதத்தையும் அப்பா சொல்லித்தான் எழுதினாயா?

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

நலம். இங்கே நல்ல மழை. ஆபீசில் இரண்டு பேர் லீவு, போன் ஓயாமல் அடிக்கிறது, நான் ஒருத்திதான் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்திரிகையில் எழுதியதைப் படித்தேன், பரவாயில்லை. ஹாரன் உன்மேல் கோபமாக இருக்கிறார், ஏமாந்து அழுதுவிட்டாராம்.

பாப்பாவுக்கு மழையில் காது மூடித் தொப்பி போடச் சொல். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

நிறைய எழுத நேரமில்லை.

அக்கா


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

நலம். கோடு எங்கே?

தம்பி


மே 30

தம்பிக்கு,

ஐம்பது நாளாக உன் ஒரு வரியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். மைக்கில் இடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நடுவில் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேற்று முதன்முதலாக ஒரு வண்டியைத் தப்பான தெருவுக்கு அனுப்பிவிட்டேன். பிரசவ வலியில் இருந்த பெண்ணுக்குப் போக வேண்டிய வண்டி. ஹாரன்தான் எப்படியோ பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

அப்பா சொல்லவில்லை. நான்தான் எழுதினேன்.

அந்தக் கடைசி வாரம் அப்பாவுக்குப் பேச்சு பாதிக்குமேல் போய்விட்டது. திங்கட்கிழமை நான் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது "வாலு" என்றார். சரியாகக் கேட்கவில்லை என்று குனிந்தேன். "வாலு... வரச் சொல்லு." ஜன்னல், வெயில், பஸ் எதுவும் இல்லை. மறுநாளும் சொன்னார். புதன்கிழமை என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னார். எட்டு மாதத்தில் என் கையை அவராகப் பிடித்தது அன்றுதான், அதுவும் உன்னைக் கேட்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழெட்டுத் தடவை ஏறி இறங்கினவள் நான். நாற்றம் என் துணியில், என் விரலில். யாரும் கேட்காமலே வாலுவுக்கு ஜன்னல், வாலுவுக்கு வெயில், வாலு கை நழுவக் கூடாது. என் கை என்ன ஆனாலும் பரவாயில்லையா? நீ வந்து வாசலில் நின்று "அப்பா" என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். எட்டு மாதம் நான் துடைத்த முகம் அது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வந்து பார்த்தால், இப்படி ஒரு பொந்தில் போட்டிருக்கிறாயே என்று என்னைத்தான் கேட்பாய் என்ற பயமும் இருந்தது. பொறாமையும் பயமும் சேர்ந்து பேனாவைப் பிடித்தன.

எழுதி, ஒட்டி, வேலைக்குப் போகிற வழியில் போட்டுவிட்டேன். மாலையில் வந்ததும் அப்பா இடது கையை நீட்டினார். கோடு போடக் காகிதம் கேட்கிறார். உனக்கு வரச்சொல்லி எழுதிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "போஸ்ட் பண்ணிட்டேன்ப்பா. சீக்கிரம் வந்துடுவான்" என்றேன். நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். அப்புறம் தினமும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தம் என்றால் ஆகாது. அப்பாவுக்குப் பிடிக்கும். முன்பே ஒரு நாள் சொல்லியிருக்கிறார், "தண்ணி நம்ம வீட்டுக்குப் போகுது பாரு. என்னால போக முடியல, அது போகுது" என்று. நீ எழுதுகிற அத்தனையையும்விட அது பெரிய வரி தம்பி. அதை அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

எட்டு வருஷமாக இடம் சொல்லிப் பிழைக்கிறேன். தெரிந்தே தப்பான இடத்துக்கு அனுப்பியது உன்னை ஒருவனைத்தான்.

இதைப் படித்துவிட்டு நீ எழுதாவிட்டால் எனக்குப் புரியும். பாப்பாவை மட்டும் என்னிடமிருந்து பிடுங்கிவிடாதே.

அக்கா


ஜூன் 27, மதியம் ஒரு மணி

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன், எனக்கே தெரியும். இரண்டு நாளாக நீ காலையில் இறங்குவதையும் வேலை முடிந்து ஏறுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குகிறாய். இரண்டாவது மாடியில் மட்டும் கொஞ்சம் அதிகமாக நிற்கிறாய்.

வியாழக்கிழமை வந்தேன். வாட்ச்மேன் அண்ணனுக்கு முன்பே தனியாக எழுதியிருந்தேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியது நான், அவரைத் திட்டாதே. துடைப்பத்தையும் வாளியையும் மறுபடி வெளியே எடுத்து எனக்குப் பாய் போட்டுக் கொடுத்தார். "உங்க அப்பா தலை இந்தப் பக்கம் இருக்கும்" என்றார். நானும் அந்தப் பக்கமே வைத்துக்கொண்டேன்.

நீ ஒரு உண்மையைச் சொன்னாய், நானும் ஒன்று சொல்கிறேன். நான்காம் நாள் வந்தேனே, அன்றைக்கு லிஃப்ட் கதவின் தண்டவாளத்தில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி இருந்தது. நேற்று நின்ற லிஃப்ட்டில் அவ்வளவு தூசி படியாது. என் கண்ணுக்குப் பார்த்த உடனே தெரியும், தெரிந்தது. கேட்டால் நீ ஏதாவது சொல்லிவிடுவாய் என்று பயந்துதான் மறுநாளே ஓடினேன். ஓடிப்போய் ஜன்னல் கட்டுரை எழுதினேன். பொய் என்று பாதி தெரிந்தேதான் எழுதினேன் அக்கா. நீ அனுப்பிய தப்பான தெரு என்று அடையாளம் தெரிந்தும் அங்கேயே வண்டியை நிறுத்திக்கொண்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. அவர் நீட்டிய கையை நினைத்தால் இப்போதும் உன் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றுகிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு 'நின்ற இடங்கள்' ஆகிவிடும். நீயும் என்னை மன்னிக்க வேண்டாம்.

உருகின பாகத்தைப் பழைய சாமான் கடைகளில் ஒரு மாதம் தேடி எடுத்தேன். நீ எழுதிய எண்ணில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கிடைத்திருக்காது. கயிறு, பிரேக், கதவுப் பூட்டு எல்லாம் பார்த்தாயிற்று. நீ வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து வேலை செய்தேன். ஆள் ஏறுவதற்கு முன்னால் எடை வைத்து ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஜூலை மாதக் கடிதத்தில் அப்பாவின் எடை அறுபத்திரண்டு கிலோ என்று எழுதியிருந்தாய். அந்த ஒன்றாவது நிஜமாக இருக்கும் என்று நம்பி, வாட்ச்மேன் அண்ணனும் நானும் சரியாக அறுபத்திரண்டு கிலோ மணலை மூட்டை கட்டிக் கூண்டில் வைத்தோம். பொத்தானை அழுத்தினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தைக் குலுங்காமல் தாண்டி, மூன்றாவது மாடியில் போய் நின்றது. நானும் அண்ணனும் படியில் கூடவே ஓடினோம். கதவைத் திறந்து அந்த மூட்டையைப் பார்த்ததும் வாட்ச்மேன் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். எனக்கு இறங்கத் தெரியவில்லை, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கட்டுரையை நான் எழுதிய தாள்களை நோட்டிலிருந்து கிழித்து அவற்றின் பின்னால்தான் இதை எழுதுகிறேன். கீழே லிஃப்ட் கதவில் ஒட்டிவைக்கிறேன். இன்று சனிக்கிழமை, உனக்கு அரை நாள்தான், இரண்டே கால் மணிக்கு வந்துவிடுவாய், படிப்பக்கம் திரும்பாதே. ஏறி மூன்றை அழுத்து.

மேலே அப்பாவின் அறையில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். இனிமேல் கடிதம் வேண்டாம் அக்கா. வந்து கத்து, நானும் கத்துகிறேன். மூன்று மாடிக்கும் கேட்கட்டும்.

வாலு